செய்தாளா, செய்விக்கப்பட்டாளா?

இல்லாத ஒருத்தியைப் பழிக்கவும் புகழவும் நமக்கு உரிமை உண்டா? மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது வேடிக்கையான வினாவாகத் தோன்றலாம். ஆனால், தொலைக்காட்சித் தொடர் நாடகமொன்று முடிந்த பின்னர் நம் வீடுகளில் நிகழும் உரையாடலைச் சற்றுச் செவிமடுப்போர் அது வேடிக்கையன்று என்பதை உணர்வர். “அவள் அந்த மனிசனை மன்னிச்சிருக்கக் கூடாது” என்று ஒருவர் சொல்வார். “பிள்ளைகளுக்காகத்தானே” என்று இன்னொருவர் மறுப்பார். குற்றச்சாட்டு, சாட்சியம், மறுப்பு, தீர்ப்பு ஆகிய யாவும் அங்கே உண்டு. இல்லாதவர் ஒருவரே, அவர்தான் குற்றஞ் சாட்டப்பட்டவர். எழுத்தாளர் ஒருவரின் தாளிலும் நடிகை ஒருவரின் உடலிலும் மாத்திரமே அவர் வாழ்கிறார்.

கற்றோர் இவ்வுரையாடலைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தொடர் நாடகங்கள் கண்ணீரை விற்பவை, அவற்றைப் பார்ப்போர் ஏமாளிகள் என்று கூறி அப்பாற் செல்வது பல்கலைக்கழக வட்டாரங்களில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. கலையின் தரம் பற்றிய அம்முடிவு பெருமளவு சரியானதே. ஆயின், தரங்குறைந்த நாடகமொன்றைப் பற்றித் தரமான விவாதம் நடைபெற இயலாது என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. இதற்கு மறுதலையான நிலையையும் நாம் அறிவோம். மிகச் சிறந்த காப்பியங்களைப் பற்றி மிகச் சாதாரணமான விவாதங்கள் நடைபெறும் மண்டபங்கள் நமக்குப் புதியன அல்ல.

கதைமாந்தரின் செயலுக்காகக் கட்சி பிரிந்து நிற்றல் தொலைக்காட்சியோடு வந்த பழக்கமும் அன்று. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலேயே அறிமுகமாயிற்று. அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே கிழக்கிலங்கைத் தமிழ்க் கிராமங்கள் கண்ணகை அம்மன் வழிபாட்டின் ஓர் அங்கமாகக் கொம்பு விளையாட்டை நிகழ்த்தி வந்துள்ளன. ஊரார் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். ஒன்றோடொன்று கொளுவப்பட்ட இரு கொம்புகளை இரு சேரியாரும் வடங்கட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். தோற்றவரை வென்றவர் பாட்டாலே வசைபாடுவர். கணவன் மனைவியரிடையே தோன்றிய ஒரு பிணக்கு, அவர்களை ஒருபோதும் கண்டிராத ஓர் ஊரின் பிணக்காகி, உடல் வியர்க்க இழுத்துத் தீர்க்கப்படுகின்றது. இதனினும் தீவிரமான இரசிகர் விவாதம் வேறெங்கேனும் உண்டா என்பது ஐயமே.

வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது முறையா என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்துகளைப் புத்தாக்கஞ் செய்தபோது, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) என்பவற்றைத் தொடர்ந்து 1967 இல் ‘வாலி வதை’ மேடையேறியது. கர்ணன், இராவணன், வாலி ஆகிய மூவருமே தீர்ப்பு முடிவுறாத மனிதர்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. மேனாட்டிலும் நிலைமை வேறன்று. சார்ள்ஸ் டிக்கன்ஸின் நாவலொன்று 1840, 1841 ஆம் ஆண்டுகளில் வாரந்தோறும் வெளிவந்தபோது, அதில் வரும் சிறுமி நெல்லைச் சாகவிட வேண்டாமென வாசகர் அவருக்குக் கடிதம் எழுதினர். கொனன் டொயில் 1893 இல் சாகடித்த துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸ், வாசகரின் எதிர்ப்பின் பின் 1903 இல் உயிருடன் திரும்பினார்.

இனி, விவாதிப்போர் உண்மையில் எதைச் சொல்கின்றனர் என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். நாடகம் பார்ப்போரின் கூற்றுகளை நான் கவனித்த அளவில், அவை மூன்று வாக்கிய வடிவங்களுள் அடங்குகின்றன. “அவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது” என்பது முதலாவது. “அவள் அப்படிச் செய்பவள் அல்லள்” என்பது இரண்டாவது. “அவளை அப்படிச் செய்ய வைத்திருக்கக் கூடாது” என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே அதிருப்தியின் வெவ்வேறு உருவங்கள் போலத் தோன்றினும், அவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. முதற் கூற்றிலே நாம் ஒரு மனிதரோடு பேசுகிறோம். அவர் தெரிவு செய்தார், அதற்கு அவர் பொறுப்பு. மூன்றாவதிலே அந்த மனிதர் மறைந்துவிடுகிறார். கதை எழுதுபவரோடும் தயாரிப்பாளரோடும் பேசத் தொடங்குகிறோம். நம் இலக்கணகாரர் தன்வினை, பிறவினை எனப் பிரித்த பிரிப்பே இங்கும் தொழிற்படுகின்றது. செய்தாள் என்பது தன்வினை. செய்வித்தார் என்பது பிறவினை. பார்ப்போரின் பேச்சு எப்போது தன்வினையிலிருந்து பிறவினைக்கு நழுவுகின்றதோ, அப்போது அந்தக் கதாபாத்திரம் இறந்துவிட்டது எனலாம். அடுத்த நாளும் அது திரையிலே நடமாடும், அழும், சபதமிடும். ஆயினும் அதனைப் பழிப்பதும் புகழ்வதும் பொருளற்றுப் போகும்.

இரண்டாவது கூற்றே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாசல். ஒருவர் எத்தகைய தெரிவை மேற்கொள்கிறார் என்பதைப் புலப்படுத்துவதே பாத்திரப் பண்பு என அரிஸ்ரோட்டில் தமது கவிதையியலிலே கூறுவார். கதையின் முடிச்சுகள் கதையினுள்ளிருந்தே அவிழ வேண்டும், வெளியிலிருந்து இறக்கப்படும் தெய்வத்தால் அவிழலாகாது என்பதும் அவர் கருத்து. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அறியாத ஒரு மூதாட்டி “இவள் இப்படிச் செய்யிறவள் இல்லியே” என்று திரையை நோக்கிச் சொல்லும்போது, அரிஸ்ரோட்டில் சொன்னதையே சொல்கிறார். கிரேக்கப் பெயர் ஒன்று மாத்திரமே அங்கே குறைவு.

தன்வினை விவாதத்துக்குத் தமிழில் நாம் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையாகும். 1966 இல் ஆனந்த விகடனில் வெளிவந்த அக்கதையிலே, மழை நாளொன்றில் அந்நியனொருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியைத் தாய் தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி, நீ தூய்மையடைந்துவிட்டாய் என ஏற்றுக்கொள்கிறாள். தமிழகத்திலே பெரும் சர்ச்சை எழுந்தது. ஒரு தாய் இவ்வாறு செய்யலாமா என்று கேட்டோர் பலர். அவர்களுக்கு ஜெயகாந்தன் அளித்த மறுமொழி கவனத்துக்குரியது. அத்தாய் வேறு விதமாக நடந்திருந்தால், அதாவது அலறி ஊரைக் கூட்டியிருந்தால், அப்பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்பதை அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக எழுதினார். 1970 இல் நூலாகிய அந்நாவல் 1972 ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. நாவலிலே கங்கா பல ஆண்டுகளாகச் சுமக்கும் தனிமையும் பழியும் அந்த ஒரு நாளின் அலறலிலிருந்து விளைபவை. வாசகர் கேட்டதற்காக ஆசிரியர் முதற் கதையை அழிக்கவில்லை. தெரிவை மாற்றினால் விளைவையும் சேர்த்தே ஏற்க வேண்டும் எனக் காட்டினார்.

விளைவு என்ற இச்சொல்லிலேதான் தொடர் நாடகம் இடறுகின்றது. 1999 இல் தொடங்கிய ‘சித்தி’யிலிருந்து இன்றுவரை செய்மதி வழியாகவும் இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவும் தமிழகத்துத் தொடர்கள் எமது பிரதேசத்தை வந்தடைகின்றன. நாவிதன்வெளியிலே தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கல்முனைக்கும் எமக்கும் இடையே கிட்டங்கித் தாம்போதி கிடக்கின்றது. மாரி காலத்து வெள்ளம் அத்தாம்போதியை மூடிப் போக்குவரத்து நின்றுவிடும் நாள்களிலும் இரு பக்கத்தாரும் ஒரே கதையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பர். 2020 இல் ஆரம்பித்து 2025 இல் நிறைவுற்ற ‘பாக்கியலட்சுமி’ அவ்வாறான ஒரு கதை. வங்காளத் தொடரொன்றின் தழுவலான அது, குடும்பத்துக்காகவே உழைத்த ஓர் இல்லத்தரசியின் கணவன் கோபி தன் கல்லூரிக் காலக் காதலி ராதிகாவுடன் மறைவாக உறவு கொள்வதையும், மணவிலக்கின் பின் அவளை மணப்பதையும், பாக்கியலட்சுமி சமையலைத் தொழிலாக்கித் தன் காலில் நிற்பதையும் சொன்னது.

அத்தொடர் பற்றிய வாதமொன்றைக் கேட்டபோது எனக்கு வியப்பளித்தது, வாதம் தொடங்கிய இடமாகும். கோபி செய்தது சரியா என்று எவரும் கேட்கவில்லை. அதில் ஐயமே இருக்கவில்லை. “அவள் என்னத்துக்கு அந்த வீட்டில கிடக்கிறாள்?” என்று ஒருவர் கேட்டார். “ஊடு ஆர்ட? அதச் சொல்லுங்க முதல்ல” என்றார் பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண்மணி. சென்னையில் எழுதப்பட்ட கதைக்கு இக்கேள்வி அவ்வளவு இயல்பானதன்று. எமது கரையோரத்திலே தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மணமகனே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மருமகளை மாமியார் வெளியேற்றும் காட்சி, தமிழகத் தொடர்களுக்கு உயிர்நாடியாக இருக்கும் அக்காட்சி, இங்கே பாதி புரியாத காட்சி. பெண் வெளியேறுவதா, பொறுத்திருப்பதா என்பதே அக்கதையின் தெரிவு. எம்மூர்ப் பெண்களின் கேள்வி, அவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது தெரிவொன்று இருந்திருக்க வேண்டும் என்பதாகும். கதாபாத்திரம் அகப்பட்டிருக்கும் கூட்டின் கம்பிகளை அவர்கள் கண்டுவிட்டனர். ஒழுக்கவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஓர் உண்மை, தெரிவு செய்பவரின் குணத்தை மாத்திரமன்றி அவர்முன் வைக்கப்பட்ட தெரிவுகளையும் ஆராய வேண்டும் என்பது, அங்கே ஒரே கேள்வியில் வெளிப்பட்டது.

ஆனால் இத்தகைய கூர்மையான பார்வைக்குத் தொடர் நாடகம் நீண்ட நாள் இடந்தருவதில்லை. ‘பாக்கியலட்சுமி’ 1,400 இற்கு மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. அத்தனை இரவுகளுக்கும் நெருக்கடி வேண்டும். நெருக்கடி வேண்டுமெனின் நேற்று எடுத்த முடிவு இன்று தளர வேண்டும். திருந்தியவர் திரும்பக் கெட வேண்டும். பிரிந்தவர் ஏதோவொரு நோயின் பொருட்டோ திருமணத்தின் பொருட்டோ ஒரு கூரையின் கீழ் வந்தாக வேண்டும். இந்தியாவிலே வாரந்தோறும் வெளியிடப்படும் பார்வையாளர் அளவீடே ஒரு தொடரின் ஆயுளை நிர்ணயிக்கின்றது. அவ்வளவீடு இந்திய வீடுகளில் எடுக்கப்படுவது. நாவிதன்வெளியில் எத்தனை பேர் பார்த்தாலும் அக்கணக்கில் சேர்வதில்லை. வாக்குரிமையற்ற இரசிகர் நாம். (அதனாலேயே நம் தீர்ப்பு அதிகம் நேர்மையானது என்று வாதிக்கவும் ஒருவருக்கு இடமுண்டு.) திரும்பப் பெறக்கூடிய தெரிவு தெரிவாகாது. கண்ணகி மதுரையை எரித்த பின் அடுத்த வாரம் அந்நகரம் மீண்டும் எழுந்து நிற்குமாயின், அவள் சினத்தை எவர் மதிப்பர்?

‘எதிர்நீச்சல்’ இதனை வேறொரு விதமாக வெளிக்காட்டியது. 2022 இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடரிலே, படித்த மருமகள்மாரை வீட்டினுள் அடக்கி வைக்கும் ஆதிமுத்து குணசேகரன் என்னும் மூத்தவர் வருகிறார். அவ்வேடத்தை ஏற்ற மாரிமுத்து, பார்ப்போர் அனைவரும் வெறுக்கவும் இரசிக்கவுமான ஒரு மனிதரை உருவாக்கினார். 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி அவர் மாரடைப்பால் காலமானார். இரவுதோறும் குணசேகரனைச் சபித்தவர்களே அன்று மாரிமுத்துவுக்காகக் கண்ணீர் விட்டனர். இதனை முரண்பாடு என்பர் சிலர். எனக்கோ இது தெளிவாகவே படுகின்றது. வேடத்தையும் மனிதரையும் பிரித்தறிய இரசிகர்க்குத் தெரியாது என்ற கற்றோரின் குற்றச்சாட்டு அன்றே தகர்ந்தது. பின்னர், எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். முகம் மாறியது, குணசேகரன் தொடர்ந்தார். 2024 ஜூன் மாதம் தொடர் முடிவுற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் அதன் இரண்டாம் பாகம் தொடங்கிற்று. எழுநூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் அப்பெண்கள் போராடிப் பெற்றது என்ன என்ற கேள்வி எழுந்தபோது, பார்ப்போர் பேச்சு முற்றாகப் பிறவினைக்கு மாறியிருந்தது. “அவங்க இழுக்கிறாங்க” என்பதே பொதுவான தீர்ப்பு. ‘அவங்க’ என்பது மருமகள்மாரைக் குறிப்பதன்று.

இது வரையில் கூறியது கலை பற்றியது. ஒழுக்கம் பற்றிய வினா இனிமேல்தான் எழுகின்றது. திரையை அணைத்த பின்னும் நாம் தீர்ப்பளிப்பதை நிறுத்துவதில்லை. அடுத்த வளவில் கணவனைப் பிரிந்து வாழும் ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைகளைத் தாயிடம் விட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற இன்னொருத்தி இருக்கிறாள். அவர்களைப் பற்றியும் பேசுகிறோம். அப்பேச்சின் வாக்கிய வடிவம் யாது? “அவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது.” தூய தன்வினை. கற்பனைப் பெண்ணொருத்தியின் தடுமாற்றத்துக்குப் பின்னால் கதாசிரியரையும் அளவீட்டையும் வியாபாரத்தையும் உடனே காணும் அதே கண்கள், உயிருள்ள பெண்ணின் முடிவுக்குப் பின்னால் எதனையும் காண்பதில்லை. முப்பதாண்டு காலப் போர் 2009 இல் முடிந்தது; 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் எமது கரையோரத்தை அள்ளிச் சென்றது; சீதன வீடு கட்டுவதற்குப் பணமில்லாமையே எத்தனையோ பெண்களை விமானத்தில் ஏற்றியது. இவையெல்லாம் செய்வித்தவை. ஆயினும் அவளைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் நம் இலக்கணத்திலிருந்து பிறவினை மறைந்துவிடுகின்றது.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. தொடர் நாடகத்திலே பூட்டிய அறைக்குள் நடந்ததையும் கமரா நமக்குக் காட்டிவிடுகின்றது. பாக்கியலட்சுமி அறியாததைக்கூட நாம் அறிவோம். அயல் வீட்டிலே நமக்குக் கிடைப்பது வேலிக்கு மேலாகக் கேட்ட ஒரு சத்தம். முற்றும் அறிந்த கதையிலே பழகிய தீர்ப்பின் உறுதியை, ஒன்றும் அறியாத வாழ்க்கையின் மீது கொண்டுபோய் வைக்கிறோம். பாண்டியன் செய்ததும் இதுவே. பொற்கொல்லனின் ஒரு சொல்லைக் கேட்டான், விசாரியாமல் ஆணையிட்டான். எமது கண்ணகை அம்மன் கோயில்களிலே படிக்கப்படும் காவியத்துக்குப் பெயர் ‘கண்ணகி வழக்குரை’. வழக்கை உரைப்பதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் எப்போது வந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. எல்லாவற்றையும் பிறவினையாக்கிவிட்டால் பொறுப்பு என்ற ஒன்று எஞ்சாது. கோபியையும் குணசேகரனையும் கூட யாரோ செய்வித்தார்கள் என்று விட்டுவிடலாம். அன்றாட வாழ்விலே அவர்களை ஒத்தோர் இந்த நியாயத்தையே கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அன்றியும், வெளிநாடு சென்ற பெண்ணை நோக்கி “பாவம், வறுமை அனுப்பிவிட்டது” என்று சொல்லும்போது, அவள் தானே நினைத்து, தானே துணிந்து எடுத்த முடிவின் பெருமையையும் அவளிடமிருந்து பறித்துவிடுகிறோம். அவள் அதனை விரும்பாள். நான் அறிந்தவரை, அப்பெண்கள் “நான் போனேன்” என்றே சொல்கிறார்கள். “அனுப்பினார்கள்” என்று சொல்வோர் குறைவு. இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே தன்வினையைக் கைவிடுமாறு எவரையும் கேட்க முடியாது. கேட்கக்கூடியது, அவள் முன்னிருந்த வழிகள் எத்தனை என்று விசாரித்த பிற்பாடு அச்சொல்லைப் பயன்படுத்துவது பற்றியே. “ஊடு ஆர்ட?” என்ற கேள்வி அத்தகைய விசாரணை. அதனைத் திரையிலுள்ள பெண்ணுக்காகக் கேட்டவர், அயலிலுள்ள பெண்ணுக்காகவும் கேட்கக் கூடியவரே.

கொம்பு விளையாட்டைப் பற்றி மேலே கூறியபோது ஒன்றைக் கூறாது விட்டேன். அங்கே இரண்டு சேரிகளே உண்டு. மாதவிக்கென ஒரு சேரி இல்லை. அவள் பக்கம் நின்று வடம் பிடிப்பார் எவருமில்லை; அவள் பக்கம் என்று ஒன்று இருக்கலாம் என்பதே அவ்விளையாட்டின் அமைப்பில் இடம்பெறவில்லை. ‘பாக்கியலட்சுமி’ எத்துணைக் குறைபாடுகள் உடையதாயினும், ராதிகாவுக்கு ஒரு மகளையும், முறிந்த முதல் மணவாழ்க்கையையும், தனித்துப் பேசும் காட்சிகளையும் கொடுத்தது. தொடக்கத்திலே அவளைத் திட்டாதவர் எங்கள் ஊரில் இல்லை. சில மாதங்களின் பின், நான் முன்பு குறிப்பிட்ட அதே திண்ணையில், “அவளுக்கும் அவன் பொய்தானே சொன்னவன்” என்று ஒரு குரல் எழுந்தது. உடனே இருவர் மறுத்தனர், ஒருவர் ஆமோதித்தார். விளம்பரம் முடிந்து நாடகம் மீண்டும் தொடங்கியபோதும் அவர்கள் திரைப் பக்கம் திரும்பவில்லை.